அந்த அங்கியை எரித்துவிடு

திஸாஹலோம்,
1862 பிப்ரவரி 11

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை டாக்டர் எலெமேர் ஹோலோஷி அவர்களுக்கு,

உங்கள் மாமனார் பெர்தலன் எழுதுவது. நீங்களும் எதெல்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். இங்கே குளிர் இன்னும் விடவில்லை. ஆறு கல்லாக உறைந்து கிடக்கிறது. வண்டிகள் அதன் மேலேயே போய் வருகின்றன. இன்னும் மூன்று வாரத்தில் பனிக்கட்டி உடையத் தொடங்கும். உடைந்தால் வண்டியும் போகாது, படகும் ஓடாது. தபால் மட்டும் வடக்குப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஐந்து நாளில் வந்து சேரும். அதனால் இப்போதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

போன வாரம் பன்றி அறுத்தோம். எதெல்காவுக்குப் பிடித்த பூண்டு போட்ட தொத்திறைச்சியில் பன்னிரண்டு கோவை புகையில் தொங்குகிறது. வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்தச் சமயத்தில் அவள் அதிகம் சாப்பிடக் கூடாது என்று நீங்கள் நினைத்தால் நீங்களே சாப்பிட்டுவிடுங்கள்.

மார்ச் கடைசியில் நாள் என்று எழுதியிருந்தாள். பிரசவத்தை நீங்களே பார்க்கப்போவதாகவும் பெருமையாக எழுதியிருந்தாள். மிகவும் நல்லது. வார்ஹெய் வட்டாரத்தில் உங்களை விடத் தேர்ந்த கை கிடையாது. மாமனார் என்பதற்காகச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் மூன்று தாள்களை எழுதிக் கிழித்துப் போட்டேன். நான்காவதாக இதை எழுதுகிறேன். ஒரு சின்ன வேண்டுகோள். நீங்கள் தினமும் காலையில் ஆஸ்பத்திரியின் பிண அறையில் மாணவர்களுக்கு உடலை அறுத்துக் காட்டிவிட்டு அதன் பிறகுதான் மற்ற வேலைகளுக்குப் போகிறீர்கள். எதெல்காவுக்கு வலி எடுக்கும் நாளில் அப்படி வர நேர்ந்தால், அவளைத் தொடும் முன் கைகளைக் குளோரின் சுண்ணாம்பு கரைத்த நீரில் கழுவ முடியுமா? சலவைக்காரர்கள் துணி வெளுக்கப் போடுவார்களே, அதுதான். தோல் வழுவழுப்பு போய்ச் சொரசொரப்பாகும் வரை தேய்க்க வேண்டும் என்று பெஷ்த் நகரத்துப் பேராசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறாராம். நகத்தடியில் சிறு தூரிகை போட்டால் இன்னும் நல்லது.

இன்னொன்று. உங்கள் கல்யாணத்தில் நான் கொடுத்த கறுப்பு மேலங்கி. முப்பது வருஷம் நான் போட்டுக்கொண்டிருந்தது. இரத்தமும் சீழும் காய்ந்து காய்ந்து விறைத்துப்போய், தரையில் வைத்தால் தானாகவே நிற்கும். விருந்தில் நம் பாதிரியார், “மாப்பிள்ளை எதுக்கு? இந்த அங்கியே தனியா நடந்து போய்ப் பிரசவம் பார்த்துட்டு வந்துடும் போலிருக்கே!” என்று சொல்ல, எல்லோரும் கோப்பையைத் தூக்கிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு வைத்தியனின் அங்கி எவ்வளவு கறைபட்டிருக்கிறதோ அவ்வளவு அவன் அனுபவசாலி என்றுதான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். அந்த அங்கியை அன்று மட்டும் போட்டுக்கொள்ள வேண்டாமே.

காரணம் கேட்டால் எனக்கே முழுத் தெளிவில்லை. கிழவனின் ஆசை என்று எடுத்துக்கொள்ளுங்கள். தவறாக ஏதாவது எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தங்கள் நலம் நாடும்,
பெர்தலன் கெரெஸ்தி


திஸாஹலோம்,
1862 மார்ச் 3

எதெல்கா கண்ணே,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. மாப்பிள்ளையிடம் மறைக்கச் சொல்லவில்லை. முதலில் நீ படி, பிறகு உன் விருப்பம்.

நான் அவருக்கு எழுதியது உனக்குத் தெரியுமோ என்னவோ. பதில் வந்துவிட்டது. கோபமாக எழுதவில்லை, சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். எதிரில் உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கிறது. “மாமா, பெஷ்த்துல ஒரு பேராசிரியருக்கு மூளை கொதிச்சா, அதுக்கு நான் எதுக்குக் கை கழுவணும்? கழுவிக் கழுவித் தோல் உரிஞ்சுபோனா உங்க பொண்ணு என்னைப் பக்கத்துல சேர்ப்பாளா?” என்று கேட்கிறார். “அந்த அங்கி இல்லாம ஆஸ்பத்திரிக்குள்ள போனா, எவனோ புது மாணவன்னு என்னை வெளிய தள்ளிடுவாங்க” என்கிறார். கடைசியில் மட்டும் கொஞ்சம் அழுத்தம்: “பயமா இருக்குன்னு நீங்க சொன்னா கேக்க மாட்டேன் மாமா. எண்ணிக்கை இருந்தா காட்டுங்க.”

அவர் கேட்டது நியாயம். எண்ணிக்கை இருக்கிறது. அதை அவருக்கு எழுதத் தைரியம் வரவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

நோட்டரியின் மனைவி ஒத்திலியாவை உனக்கு நினைவிருக்கும். உன் கல்யாணத்தில் கசகசா ரொட்டியை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள். ஜனவரி பதினான்காம் தேதி அவளுக்குப் பிரசவம். நான்தான் பார்த்தேன். பையன், நல்ல எடை. எந்தச் சிக்கலும் இல்லை. மூன்றாம் நாள் குளிர் எடுத்தது. வயிறு உப்பியது. பிரசவ ஜன்னி. ஏழாம் நாள் போய்விட்டாள்.

அதே வீட்டின் பின்கொட்டகையில், அதே நாளில், அவர்கள் வீட்டுச் சலவைக்காரி மாரிஷுக்கும் குழந்தை பிறந்தது. அவளுக்கு யார் டாக்டரைக் கூப்பிடப்போகிறார்கள்? மருத்துவச்சி போர்ச்சா பார்த்தாள். மாரிஷ் ஐந்தாம் நாள் எழுந்து, எஜமானியின் ஜன்னிப் படுக்கை விரிப்புகளைத் தானே துவைத்தாள்.

இடுகாட்டு வாசலில் போர்ச்சா என்னை மறித்துக்கொண்டாள். அவள் வாய் உனக்குத் தெரியும். “டாக்டரய்யா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கெட்ட காத்து, கெட்ட காத்துன்னு முப்பது வருஷமா சொல்றீங்களே. ஒரே வீட்டுல மாடிக்கு ஒரு காத்து, கொட்டகைக்கு ஒரு காத்தா வீசுது?” என்றாள். நான், உனக்கு இதெல்லாம் புரியாது என்றேன். “புரியாதுதான். நான் படிக்காதவ. ஆனா ஊருல பொம்பளைங்க என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? பணக்காரி செத்தா டாக்டர் வந்தார்னு அர்த்தம், ஏழை பொழைச்சா டாக்டர் வரலைன்னு அர்த்தமாம்” என்று சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தொழில் பொறாமை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் பிரசவப் பதிவேட்டை நீ பார்த்திருக்கிறாய். ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு வரி. வரியின் முடிவில் அன்றைய காற்றின் திசை, ஈரம், ஆற்றின் மட்டம், நிலவின் நிலை. வியன்னாவில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஜன்னி ஆகாயத்திலிருந்தும் பூமியிலிருந்தும் எழும் ஏதோ ஒரு கெடுதி. அதைக் கவனித்துக் குறித்துக்கொண்டே வந்தால் ஒருநாள் அதன் விதி பிடிபடும் என்றார்கள். முப்பத்து நான்கு வருஷம் ஒரு நாளும் தவறாமல் குறித்தேன். அன்றும் ஒத்திலியாவின் பெயருக்கு எதிரே எழுதியிருந்ததைப் பார்த்தேன்: வடகிழக்குக் காற்று, மூட்டம், ஈரம். அதன் கீழே, ஏனென்று தெரியாமல், மாரிஷின் பெயரையும் எழுதினேன். எதிரே எழுத வேண்டியதை எழுதினேன். வடகிழக்குக் காற்று, மூட்டம், ஈரம். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

பெஷ்த்துப் பேராசிரியரின் சிறு வெளியீடு ஒன்று இரண்டு வருஷத்துக்கு முன்பே எனக்குத் தபாலில் வந்திருந்தது. நாலு பக்கம் படித்துவிட்டு, இவ்வளவு ஆவேசமாக எழுதுகிறவர் சரியாக இருக்க முடியாது என்று முடிவுசெய்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன். அன்று குனிந்து அதை எடுத்தேன். மேசை அன்றிலிருந்து ஆடுகிறது. இந்தக் கடிதத்தில் எழுத்து கோணலாக இருந்தால் அதுவும் ஒரு காரணம்.

அவர் சொல்வது இவ்வளவுதான். ஜன்னி காற்றில் வருவதில்லை. பிணத்தைத் தொட்ட கையில், அழுகிய புண்ணைத் தொட்ட கையில், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது. சோப்பால் போகாது. அந்தக் கை பிரசவிக்கும் பெண்ணின் உள்ளே போகும்போது அதுவும் உள்ளே போகிறது.

மாவட்ட வைத்தியன் என்பதால் கோர்ட்டு உத்தரவின் பேரில் பிரேதப் பரிசோதனை செய்வதும் என் வேலை. முங்கிச் செத்தவர்கள், வெட்டுப்பட்டுச் செத்தவர்கள். அதற்குத் தனிப் பதிவேடு. அது வடக்குச் சுவர் அலமாரியில் இருக்கும். பிரசவப் பதிவேடு தெற்குச் சுவர் அலமாரியில். இரண்டுக்கும் நடுவே என் நாற்காலி. இத்தனை வருஷமாக இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் விரித்துவைக்க எனக்குத் தோன்றியதில்லை. விரித்தேன். புதிதாக ஒரு கட்டம் போட்டேன். இந்தப் பெண்ணைத் தொடுவதற்கு முந்தைய மூன்று நாளில் என் கை எங்கே இருந்தது?

பதினெட்டு நாள் ஆனது. ஒரு வருஷம் நீங்கலாக எல்லாவற்றையும் ஒப்பிட்டுவிட்டேன். நான் பார்த்த பிரசவங்கள் ஐந்நூற்று எண்பத்து மூன்று. பிணத்தையோ அழுகிய புண்ணையோ தொட்ட மூன்று நாளுக்குள் பார்த்தவை நூற்று முப்பத்தொன்று. அதில் ஜன்னியில் இறந்தவர்கள் நாற்பத்தொன்பது பேர். மீதி நானூற்று ஐம்பத்திரண்டில் இறந்தவர்கள் பதினைந்தே பேர்.

நான் தவறாக இருக்கலாம். அந்தப் பதினைந்து பேரைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தப்பிக்கப் பார்த்தேன். கை சுத்தமாக இருந்தும் இவர்கள் ஏன் போனார்கள், அப்படியானால் பேராசிரியர் சொல்வது பொய்தானே என்று. பிறகுதான் அங்கி நினைவுக்கு வந்தது. கையையாவது சில நாள் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறேன். அங்கியை ஒருநாளும் துவைத்ததில்லை. பிண அறையிலும் அதுதான், பிரசவ அறையிலும் அதுதான்.

புதிய கொள்கை ஒன்று வந்தால் இனிமேல் நடப்பதுதான் மாறும் என்று இதுவரை நினைத்திருந்தேன். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று முதன்முதலாக ஒத்துக்கொண்டவனுக்கும் தலை சுற்றியிருக்கும். ஆனாலும் அவன் மறுநாள் காலை எழுந்து அதே ரொட்டியைத்தான் தின்றிருப்பான், அவனுடைய நேற்று அப்படியே இருந்திருக்கும். எனக்கு அப்படியில்லை. நடந்து முடிந்ததெல்லாம் மாறிவிட்டது. மனைவியைப் புதைத்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றி, “நீங்க உங்களால ஆனதைச் செஞ்சீங்க ஐயா” என்று என் கையை முத்தமிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! ஆனதைச் செய்தேன்தான்.

கண்ணே, உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த அங்கி உங்கள் வீட்டில் எந்த ஆணியில் தொங்குகிறது என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை அதைப் போட்டுக்கொள்ளாமல் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து அதை எடுத்து அடுப்பில் போட்டுவிடு. கையால் தொடாதே, இடுக்கியால் எடு. அவர் கோபப்பட்டால் என் பெயரைச் சொல். பிரசவத்துக்கு முன் அவர் குளோரின் நீரில் கை கழுவுவதை உன் கண்ணால் பார்.

விட்டுப்போன அந்த ஒரு வருஷத்தின் பக்கங்கள் மட்டும் இன்னும் பாக்கி. கண் வலிக்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பனிக்கட்டியில் விரிசல் விழத் தொடங்கிவிட்டது. பகலெல்லாம் வெடிச் சத்தம் கேட்கிறது. கடவுள் உன்னைக் காப்பாராக.

உன் அப்பா


திஸாஹலோம்,
1862 மார்ச் 16

என் எதெல்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. நின்றுகொண்டே படித்தேன். இரண்டாம் முறை படிக்க உட்கார வேண்டியிருந்தது.

நான் எழுதியதை நீ அவருக்குப் படித்துக் காட்டியதில் எனக்கு வருத்தமில்லை. அவர், “உங்கப்பாவுக்கு இப்பத் தேவை ஒரு மாசம் வெந்நீர் ஊற்றுக் குளியலும் நல்ல தூக்கமும்தான்” என்று சொன்னதிலும் வருத்தமில்லை. எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, பயந்த மனுஷன் பயந்தபடிதான் எண்ணுவான் என்றாராமே. அதில் உண்மைகூட இருக்கலாம். அங்கியை எடுக்கப் போய், உன் சின்ன வயதில் நான் வீட்டுக்குள் வரும்போது அடிக்கும் வாசனை அதில் வருகிறது என்று திரும்ப மாட்டிவிட்டதாக எழுதியிருக்கிறாய். அந்த வரியில் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆனால் கடைசிப் பக்கத்தில் நீ எழுதியதுதான் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. வயிறு இறங்கிவிட்டது, சொன்ன நாளுக்கு முன்பே ஆகிவிடும் போலிருக்கிறது என்கிறாய். அதோடு, “என்னைப் பெத்துதானே அம்மா போனாங்க. அந்த வழியிலேயே நானும் போகணும்னு இருந்தா, எந்தத் தண்ணியில கழுவி என்னப்பா ஆகப்போவுது?” என்று எழுதியிருக்கிறாய்.

இதை உனக்குள் யார் போட்டது என்று எனக்குத் தெரியும். உனக்கு ஆறு வயதிருக்கும். என் அக்கா அபோலோனியா, நீ பால் கிண்ணத்தை உடைத்ததற்கு, “பொறக்கும்போதே தாயை முழுங்கினவதானே, கிண்ணம் உனக்கு எம்மாத்திரம்!” என்றாள். நீ அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கிப் பாவாடையில் போட்டுக்கொண்டாய். நான் பக்கத்து அறையில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். கேட்டது. எழுந்து வந்து அக்காவை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சண்டைக்குப் பயந்து எழுதிக்கொண்டே இருந்தேன். இருபது வருஷமாக அதை நீ பாவாடையில் வைத்துக்கொண்டு திரிகிறாய் என்று நேற்றுதான் தெரிந்தது.

அதனால் நேற்று அந்த ஒரு வருஷத்தைத் திறந்தேன். 1836. நீ பிறந்த வருஷம்.

திறக்காமலேயே எனக்குத் தெரியும். எண்ணத் தொடங்கிய முதல் நாளிலேயே தெரியும். ஆனாலும் பதிவேட்டில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு வேறு விதமாக எழுதத் தெரியாது.

வடக்கு அலமாரிப் பதிவேடு: அக்டோபர் 19, காலை. படகோட்டி ஒருவன். நாணல் புதரிலிருந்து எடுக்கப்பட்டான். நீரில் ஒன்பது நாள் கிடந்த உடல். மார்பும் வயிறும் திறந்து பார்க்கப்பட்டன. கையெழுத்து, கெரெஸ்தி.

தெற்கு அலமாரிப் பதிவேடு: அக்டோபர் 19, பிற்பகல். யூலியானா கெரெஸ்தி, வயது இருபத்திரண்டு, முதல் பிரசவம். பெண் குழந்தை. மேற்குக் காற்று, வெயில், ஆறு தாழ்வு. கையெழுத்து, கெரெஸ்தி.

இரண்டுக்கும் நடுவே எழுதப்படாதது இது. பிணக் கொட்டகைக்கு ஆள் வந்து, அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது என்றான். கைகளை அங்கியின் ஓரத்தில் துடைத்துக்கொண்டு ஓடினேன். நம் வீட்டு வாசலில் போர்ச்சா நின்றிருந்தாள். அப்போது அவள் சின்னப் பெண், தாயோடு தொழிலுக்கு வரத் தொடங்கிய புதிது. உன் அம்மாதான் அவளைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். “ஐயா, மேல ஆத்து நாத்தம் அடிக்குது, மாத்திட்டாவது உள்ள போங்க” என்றாள். என் மனைவியைப் படிக்காத கை தொடக் கூடாது, வெளியே நில் என்று சொல்லிவிட்டு அவளைத் தாண்டி உள்ளே போனேன். என் வாழ்க்கையில் நான் யாரையும் அதட்டியது அந்த ஒரு தடவைதான்.

உன் அம்மா ஆறாம் நாள் போனாள். கடைசி வரை தெளிவாகப் பேசினாள். என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். விடவில்லை.

ஆகவே எதெல்கா, நீ யாரையும் விழுங்கவில்லை. நீ பிறந்தபோது அவள் நன்றாக இருந்தாள். உன்னைத் தூக்கி, “மூக்கு உங்களை மாதிரி, பாவம்” என்று சிரித்தாள். அவளைக் கொண்டுபோனது நீ வந்த வழியில்லை. உள்ளே போன கை. அந்தக் கை எழுதுகிறது, படித்துக்கொள்.

இப்படி ஓர் உண்மையை நான் இன்னும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். போன ஞாயிறு பூசை முடிந்ததும் நோட்டரியின் வீட்டுக்குப் போய், உங்கள் மனைவியின் ஜன்னி என்னால் வந்தது என்று சொன்னேன். பிரசவத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு மாட்டு வியாபாரியின் அழுகிய காலைக் கட்டிக்கொண்டிருந்தேன் என்று தேதியோடு சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் குழந்தையின் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, “டாக்டர், இதைச் சொல்லாம இருந்திருக்கலாமே. கடவுள் எடுத்துக்கிட்டார்னு நெனச்சு இப்பத்தான் ரெண்டு நாளா தூங்கினேன்” என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். வழக்கமாகக் கொடுக்கும் கையைக் கொடுக்கவில்லை.

மாப்பிள்ளை கேட்ட எண்ணிக்கையை இத்துடன் முழுமையாக வைத்திருக்கிறேன். இப்போது எல்லா வருஷமும் சேர்ந்துவிட்டது: ஐம்பது. பெயர், நாள், அதற்கு முன் என் கை இருந்த இடம், எல்லாம் இருக்கிறது. ஐம்பதாவது பெயர் யாருடையது என்று அவர் பார்க்கட்டும். பயந்தவன் இப்படி எண்ணுவானா என்று அவரே சொல்லட்டும். இதன் இன்னொரு பிரதியை என் கையெழுத்தோடு பெஷ்த்து வைத்திய வாரப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். அச்சில் வந்தால் இந்த ஊரில் நான் இருக்க முடியாது. தபால் நிலையத்தில் கொடுத்துவிட்டு, திரும்ப எடுத்துத் தரச் சொல்லலாமா என்று அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

நான் ஏன் நேரில் வரவில்லை என்று நீ நினைப்பாய். வரத் துடிக்கிறேன். ஆனால் நான்கு நாளாக ஆற்றங்கரையில் பனிக்கட்டியில் நசுங்கிய ஒரு மீனவனின் காலுக்குக் கட்டுப் போட்டு வருகிறேன். அழுகத் தொடங்கிவிட்டது. இந்த ஊரில் வேறு வைத்தியன் இல்லை. கழுவினால் போய்விடும் என்று பேராசிரியர் சொல்கிறார். போய்விடும்தான். ஆனால் உன் விஷயத்தில் என் கையை நான் நம்பமாட்டேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன் வேண்டாத இடத்துக்கு ஓடிப்போனேன். இந்தத் தடவை உள்ளே வர வேண்டும் என்று துடிக்கும்போது வெளியே நிற்கிறேன்.

எனக்குப் பதிலாகப் போர்ச்சா வருகிறாள். நேற்று மாலை அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். “முப்பது வருஷமா வெளிய நில்லுன்னீங்க. இப்ப ஆத்தைத் தாண்டிப் போய் உள்ள நில்லுங்கறீங்க. உங்க படிப்புல இதுக்கு என்ன பேரு?” என்றாள். இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டி, “நல்லாப் பாத்துக்கோங்க. என் நகத்துல மாவு இருக்கும், பொணம் இருக்காது” என்றாள். பிறகு மாவை மூடிவைத்துவிட்டு, “அந்தப் பொண்ணோட அம்மா அன்னிக்கு என்னைத்தான் கூப்பிட்டாங்க. கொஞ்சம் லேட்டாப் போறேன், அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டே மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள்.

ஆறு முழுக்க உடைந்த பனிக்கட்டி மிதந்து போகிறது. மீனவர்கள் இருவர் இன்று விடிந்ததும் அவளைப் படகில் கொண்டுபோக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கடிதம் உன் கையில் இருந்தால் அவள் கரை சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். அவளுக்குச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடு. அவள் மூட்டையில் குளோரின் சுண்ணாம்பு இருக்கிறது. அவளும் கழுவுவாள், சொல்லியிருக்கிறேன். “மாவுக்கும் கழுவணுமா?” என்று கேட்டாள், ஆனாலும் கழுவுவாள்.

உன்னை நான் ஒருநாளும் யாரையும் எதிர்க்கச் சொல்லி வளர்க்கவில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்? இப்போது சொல்கிறேன். வலி எடுத்ததும் போர்ச்சாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள். மாப்பிள்ளை தட்டுவார். கெஞ்சுவார். அவர் உன் மேல் உயிரையே வைத்திருக்கிறார், எனக்குத் தெரியும். நானும் உயிரையே வைத்திருந்தேன். அதனால்தான் சொல்கிறேன், திறக்காதே. கழுவிய கையை அவர் சாவித் துவாரத்தின் வழியாகக் காட்டினாலும் போர்ச்சா சொன்னால்தான் திறக்க வேண்டும். அங்கியை இன்றே எரித்துவிடு. அது அப்பாவின் வாசனை இல்லை, எதெல்கா. அது என்ன வாசனை என்று இப்போது உனக்குத் தெரியும்.

எழுதப் பழகிய நாளிலிருந்து நீ எனக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும், நம் பிள்ளைகள் எல்லோரும் எழுதுவது போல, “அப்பா, உங்கள் கையை முத்தமிடுகிறேன்” என்று முடித்திருக்கிறாய். நேற்றைய கடிதத்திலும் அந்த வரி இருந்தது. அடுத்த கடிதத்தில் அது வேண்டாம். திட்டி எழுது. அப்பா என்று கூப்பிடாமல் எழுது. ஒரே ஒரு சொல் எழுது, போதும். உறையின் மேல் இருக்கும் எழுத்து மட்டும் மாப்பிள்ளையுடையதாக இல்லாமல் உன்னுடையதாக இருக்கட்டும்.

பெர்தலன்